ஒன்றரை, இரண்டரை

நூறு குழி ஒரு மா.
மூன்று மா ஓர் ஏக்கர்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் போடும் எனக்கு
இதெல்லாம் தூக்கத்திலும் வரும்.
இன்னும் வேலிக் கணக்கில் பேசுகிற வைரக்கண்ணுவுக்கு
சிட்டாவைப் பார்க்காமலே
எத்தனை சிப்பம் தேறுமென்று சொல்லிவிடுவேன்.
நிலம் நகராது,
அது ஒரு சௌகரியம்.

மதியழகன் நகர்கிறான்.

ஜெபல் அலியில் டைல்ஸ் ஏற்றும்போது
அவன் மணி என் மணிக்கு ஒன்றரை குறைவு.
மணல்வெளியில் ஒரு சோதனைச் சாவடி.
தாண்டினால் சவூதி,
அங்கே இரண்டரை.
நடுவில் ஆறு குளம் எதுவும் கிடையாதாம்.
ஏழு ஐம்பதுக்கு முத்திரை குத்தி வாங்கி
நாலு முழம் நகர்ந்தால்
போனில் ஆறு ஐம்பது.
"போறப்ப ஒரு மணி நேரம் லாபம்" என்பான்.
"வர்றப்ப?"
"வட்டியில்லாம புடுங்கிக்குவான்."
அந்த லாபத்தை என்ன செய்தாய் என்று
ஒருமுறை கேட்டேன்.
லாரி வரிசையில் நின்றே செலவழித்தானாம்.
"நம்ம நீடாமங்கலம் கேட்டுதான்,
வெயில் மட்டும் கூடுதல்."

முதல் வருடம் தடுமாறினேன்.
பிறகு வழி பிடிபட்டது:
துபாய்க்கு இரண்டைக் கழி, அரையைக் கூட்டு.
ரியாத்துக்கு மூன்றைக் கழி, அரையைக் கூட்டு.
அந்த அரை நம்மூர்ச் சரக்கு,
அவர்களுக்கு எல்லாம் முழு மணிகள்.
மகள் பிறந்தநாளுக்கு
பன்னிரண்டு அடித்ததும் கூப்பிட்டுவிட்டேன் என்று
பெருமையாகச் சொன்னான்.
இங்கே ஒன்றரை.
தூக்கத்தில் அவள் "ம்" என்றதைத்தான்
இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான்.

நேற்று
ரியாத்துக்கு லோடு என்றான்.
எல்லை தாண்டி நூறு கிலோமீட்டர் வந்தாச்சு என்றான்.
கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயிலை முன்னே இழுத்து, பின்னே தள்ளி
எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
நெல் தூசி உறுத்திய கழுத்தைச் சொறிந்தபடி
பேச்சுவாக்கில்தான் கேட்டேன்,
"இப்ப என்ன மணி அங்க?"

"ஏழு."

என் மணிக்கட்டில் எட்டரை.

மூன்றைக் கழித்தேன், அரையைக் கூட்டினேன்.
ஆறு.
மறுபடியும் கழித்தேன்.
பிறகு விரல் விட்டு.
பக்கத்தில் கரும்பு டிராக்டர்காரர்
நான் என்ன எண்ணுகிறேன் என்று பார்த்தார்.

ஆறு மணி ஊரில் இருப்பவன்
ஏழு என்று சொல்ல மாட்டான்.

போன மாதம் பணம் குறைந்தது.
கம்பெனி பிடித்தம் என்றான்.
கொஞ்ச நாளாக அவன் குரலுக்குப் பின்னால்
டீசல் இரைச்சல் இல்லை,
ஒரு மின்விசிறி கிறீச்சிடுகிறது,
யாரோ தட்டு அலம்புகிறார்கள்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
கூட்டிப் பார்க்கவில்லை.

ரயில் அசைந்தது.
நாலைந்து நொடி கழித்து அவனே,
"ஆறு, ஆறு.
வாட்ச்ச இன்னும் மாத்தல."

அவன் வாட்ச்
என் கையில் இருக்கிறது.
போன முறை விமான நிலையத்தில் கழற்றிக் கொடுத்தது.
வார் பெரிது என்று
மன்னார்குடியில் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டேன்.
வேறொன்று வாங்கியிருக்கலாம்.
வாங்கியிருக்கலாம்.

"பாத்துப் போங்க" என்றேன்.
எங்கே போகச் சொன்னேன் என்று
அவனும் கேட்கவில்லை.

கேட் தூக்கினார்கள்.
இந்தப் பக்கத்துக்காரர்கள் சாலையை அடைத்து நின்றோம்,
அந்தப் பக்கத்துக்காரர்களும் அப்படியே.
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு முட்டி
யாரும் யாரையும் தாண்ட முடியவில்லை.
ஒன்பதாகிவிட்டது.

நாளை அவன் ரியாத்திலிருந்து கூப்பிடுவான்.
லோடு இறக்கியதைச் சொல்வான்,
தூசிக்காற்றைச் சொல்வான்.
நான் மணி கேட்கப் போவதில்லை.
அவன் வாய் தவறுவதற்கு முன்னால்
மூன்றைக் கழித்து அரையைக் கூட்டி
நானே சொல்லிவிடுவேன்:
"அங்க இப்ப ஆறுதானே?"